இலை மஞ்சளாகித் தொங்குகிறது: தண்ணீர் கூடிவிட்டதா, பசளை குறைந்துவிட்டதா?

பேஸ்மென்ட்_விவசாயி
சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ. ஊரில் தோட்டத்துக்குத் தண்ணி மாறக் கூப்பிட்டால் ஓடி ஒளிந்த ஆள் நான், இப்போது 34 வயதில் விவசாயம் பழகுகிறேன்.

சட்டப்படி வாங்கிய விதையில் இரண்டு கஞ்சாச் செடி பேஸ்மென்டில் நிற்கிறது. வயது ஐந்து வாரம். 11 லீற்றர் பிளாஸ்ரிக் சாடி, கடையில் வாங்கிய பீற் (சதுப்புநிலத்து மக்கு) கலந்த மண். மூட்டையில் 'மூன்று மாத ஊட்டம் உள்ளே' என்று போட்டிருந்தது. சின்னக் கூடாரம், எல்ஈடி விளக்கு 18 மணி நேரம் எரியும்.

தினமும் வேலைக்குப் போகுமுன் ஆளுக்கொரு கோப்பை தண்ணீர் விடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பசளை. மூன்று போத்தல், போத்தலோடு வந்த அட்டவணையில் இருக்கும் அளவு, ஒரு துளி கூடக் குறையவில்லை.

இப்போது இடது பக்கச் செடியில் கீழ் இலைகள் மஞ்சள். மேல் இலைகளின் நுனி பழுப்பாகக் கருகியிருக்கிறது. முழுச்செடியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மஞ்சள் என்றால் நைதரசன் குறைவு என்று ஓரிடத்தில் படித்தேன். பசளையைக் கூட்டவா?

மிசிசாகா_மாமா
சனி, இரவு 11:05

கூட்டாதையும் தம்பி! போத்தல்களைக் கொண்டுபோய்க் கண் படாத இடத்தில் வையும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லும். சாடியைத் தூக்கிப் பாரும், பாரமா? தொங்குகிற இலையை விரலுக்கிடையில் பிடித்துப் பாரும், மொத்தமாக, தண்ணி நிறைந்த மாதிரி இருக்கிறதா, அல்லது கடதாசி மாதிரி மெல்லிசாக இருக்கிறதா? கடைசியாக, சாடிக்கு அடியில் தட்டு இருக்கிறதா, அதில் தண்ணி நிற்கிறதா?

பேஸ்மென்ட்_விவசாயி
சனி, இரவு 11:31

மாமா, இடது சாடியை ஒரு கையால் தூக்க முடியவில்லை. இலை மொத்தம்தான், உள்ளே வளைந்து கொக்கி மாதிரி இருக்கிறது. தட்டு இருக்கிறது. அதில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி, மேலே ஏதோ பாசி மாதிரி. சின்னச் சின்னப் பூச்சியும் பறக்கிறது. நான் அதை வாழைப்பழத்துக்கு வந்த பூச்சி என்று நினைத்திருந்தேன்.

கறிவேப்பிலை_அக்கா
ஞாயிறு, காலை 7:12

அது வாழைப்பழப் பூச்சி இல்லை. ஈர மண்ணில் முட்டை போடுகிற பூஞ்சைக் கொசு. அதன் புழு மேல்மண்ணில் இருந்து, செடியின் பொடி வேரைத் தின்னும். அது வந்திருக்கிறது என்றாலே மண் பல நாளாகக் காயவில்லை என்று அர்த்தம்.

நான் கஞ்சா வளர்த்தவள் இல்லை. ஆனால் இந்த நாட்டில் 22 வருடமாகக் கறிவேப்பிலை வளர்க்கிறேன், முதல் மூன்று கண்டையும் தண்ணி விட்டே கொன்றேன். பனிக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊரில் கிணற்றடி வாழைக்கு விடுகிற மாதிரித் தினமும் விட்டால் எப்படி? இலை கொட்டும். கொட்டக் கொட்ட, ஐயோ வாடுகிறதே என்று இன்னும் விடுவேன். நாலாவது கண்டுக்குத்தான் புத்தி வந்தது. இப்போது அது என் உயரம்.

செடியை மாற்றினாலும் வேர் வேர்தான். வேர் தண்ணியை மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடும். மண்ணில் இருக்கும் சின்னச் சின்னப் பொந்துகளில் காற்று வேண்டும். எல்லாப் பொந்திலும் தண்ணி நின்றால் வேர் திணறும், பிறகு அழுகும். அழுகின வேரால் தண்ணியும் குடிக்க முடியாது, பசளையும் எடுக்க முடியாது. அதனால்தான் தண்ணிக்குள் நின்றுகொண்டே செடி வாடுகிறது, பசளைக்குள் நின்றுகொண்டே மஞ்சளாகிறது.

பிராம்ப்டன்_திருச்சி
ஞாயிறு, காலை 9:40

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குத் திருச்சி. அப்பா மாடித்தோட்டம் வைத்திருந்தார். சித்திரை வெயிலில் தொட்டிச் செடிக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊற்றுவோம், அப்படியும் மதியம் கத்தரி துவண்டு நிற்கும். அதே கையோடு இங்கே வந்து, 20 டிகிரி பேஸ்மென்டில் ஊற்றினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வெயில் இல்லை, காற்று இல்லை, செடியும் முழங்கால் உயரம். குடிக்க ஆளில்லாத வீட்டில் தினமும் நாலு பாக்கெட் பால் போட்ட கதை.

இன்னொன்று. அதிகத் தண்ணீர் என்றால் ஒரே தடவையில் நிறைய ஊற்றுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊற்றும்போது தாராளமாக, சாடி முழுக்க நனைகிற மாதிரி ஊற்றலாம். அடுத்த தடவை எப்போது ஊற்றுகிறோம் என்பதில்தான் விஷயம். தினமும் ஒரு கோப்பை என்பது இரண்டு பக்கமும் கெட்டது: மேல்மண் காயவே காயாது, அடியில் எவ்வளவு நிற்கிறது என்றும் தெரியாது.

நல்லதைப்_பேசுவோம்
ஞாயிறு, காலை 10:15

கத்தரி, கறிவேப்பிலை சரி. கஞ்சா வளர்க்க ஆலோசனையா? பிள்ளைகள் பார்க்கிற இடம். வெட்கமாக இல்லையா?

ஒன்ராறியோ_ஓரம்
ஞாயிறு, காலை 10:58

வெட்கம் அவரவர் விருப்பம். சட்டம் என்னவென்று மட்டும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்கும் உதவும்.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் இது சட்டபூர்வம். வீட்டுக்கு நாலு செடி. கவனிக்கவும், வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. ஒரே வீட்டில் மேலே மூன்று பேர், கீழே இரண்டு பேர் இருந்தால் இருபது செடி என்று கணக்குப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். விதை அனுமதி பெற்ற இடத்தில் வாங்கியிருக்க வேண்டும். வாடகை வீடு, அடுக்குமாடிக் கொண்டோ என்றால் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பார்க்கவும். கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதே தடை. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடுமையான பகுதி இது. அளவு மீறி வளர்ப்பதற்கு உச்சத் தண்டனை 14 வருடம் வரை போகும். குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிடத்தில் இருப்பவர்களுக்கு அப்படியான ஒரு குற்றத்தீர்ப்பு வந்தால், நாட்டில் இருக்கும் உரிமைக்கே ஆபத்து. 'அஞ்சு செடிதானே' என்று விளையாட வேண்டாம். எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் குற்றம், எந்த நாட்டுக்கென்றாலும். இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டில் வளர்ப்பது சிறைக்குப் போகிற வேலை. அங்கிருந்து வாசிக்கிறவர்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

மொன்றியல்_மழை
ஞாயிறு, காலை 11:20

கியூபெக்கில் இருந்து பெருமூச்சுடன் வாசிக்கிறேன். என் தக்காளிக்கும் இதே நோய்தான். தொடருங்கோ.

பேஸ்மென்ட்_விவசாயி
ஞாயிறு, பிற்பகல் 1:03

சொந்த வீடு, இரண்டு செடி, எனக்கும் அம்மாவுக்கும் குடியுரிமை இருக்கிறது. கூடாரத்துக்குப் பூட்டும் போட்டிருந்தேன், சாவி எங்கேயோ போய்விட்டது. இன்றைக்குப் புதுப் பூட்டு வாங்கவேண்டும்.

தட்டை வெறுமையாக்கினேன். அந்த மணம் சொல்லவே வேண்டாம். இனி என்ன? நல்ல தண்ணியால் கழுவி, மண்ணில் தேங்கின பசளை உப்பையெல்லாம் வெளியேற்று என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள்.

மிசிசாகா_மாமா
ஞாயிறு, பிற்பகல் 1:30

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நுனி கருகினது பசளை கூடினதால். மண்ணிலேயே மூன்று மாத ஊட்டம் இருக்கிறது, அதற்கு மேல் மூன்று போத்தல். சாடியின் அளவைப் போல மூன்று மடங்கு தண்ணி ஊற்றிக் கழுவி விடும்.

கறிவேப்பிலை_அக்கா
ஞாயிறு, பிற்பகல் 1:44

மாமா, குறை நினைக்காதேங்கோ. மூழ்கிக்கொண்டிருக்கிறவனுக்கு 33 லீற்றர் தண்ணியா? முதலில் காயட்டும். காய்ந்து வேருக்கு மூச்சு வந்தபிறகு கழுவலாம்.

மிசிசாகா_மாமா
ஞாயிறு, பிற்பகல் 2:10

உப்பு கூடின மண் காயக் காய உப்பு இன்னும் தடிக்கும் பிள்ளை. அப்போது வேர் எரியாதா?

பிராம்ப்டன்_திருச்சி
ஞாயிறு, மாலை 4:25

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. மாமா சொல்கிற உப்புப் பிரச்சினை உண்மை, அதனால் எலும்பாகக் காயவிடக் கூடாது. ஆனால் இப்போதைக்கு அவசரம் மூச்சுதான். என் யோசனை: சாடியை இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்றுப் போகட்டும். சின்ன மின்விசிறியை மண் பக்கம் திருப்புங்கள். பாதிப் பாரம் குறையும்வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அப்புறம் பசளை கலக்காத தண்ணீரை மெதுவாக, அடியில் நன்றாக வடிகிறவரை ஒரு தடவை ஊற்றுங்கள். வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள். 33 லிட்டர் எல்லாம் வேண்டாம்.

மேல்மண் காய்ந்தால் கொசுவும் பாதி ஒழியும். மஞ்சள் ஒட்டு அட்டை இரண்டு சொருகி வையுங்கள், பறக்கிறது மாட்டும்.

பாரத்தைக் கையால் கணிப்பது பழகும்வரை குளியலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டி தினமும் ஒரே நேரத்தில் எழுதினால் போதும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பதைவிட இதில் பொய் குறைவு.

ஈசி_மீற்றர்
ஞாயிறு, இரவு 9:15

தாமதமாக வருகிறேன், பசளைப் பக்கம் கொஞ்சம்.

போத்தலில் உள்ள அட்டவணையை யார் எழுதுகிறார்கள்? போத்தல் விற்கிறவர். முழு அளவு என்பது பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், ஊட்டமே இல்லாத வளர்ப்புக் கலவையில் வேகமாக வளர்கிற செடிக்கு. உம்முடைய மண்ணில் ஏற்கெனவே மெதுவாகக் கரையும் பசளைக் குறுணி கிடக்கிறது. அதை நிறுத்த முடியாது, ஒவ்வொரு தரம் நனையும்போதும் கொஞ்சம் விடும். இப்படி மண் வைத்திருக்கிறவர் முதல் இரண்டு மாதம் போத்தலைத் திறக்கவே தேவையில்லை. பிறகு தொடங்கினாலும் கால்வாசி அளவில் தொடங்கி, இலையைப் பார்த்துக் கூட்டவேண்டும்.

எது எதனால் என்று பிரித்தறிய ஒரு வழி: மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாரும். நைதரசனும் மக்னீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. குறைந்தால் கிழட்டு இலையில் இருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். மக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாக நிற்கும், இடைவெளி வெளுக்கும். இரும்பும் கல்சியமும் நகராது, அதனால் குறை குருத்தில்தான் தெரியும். நைதரசன் கூடினால் இலை கரும்பச்சையாகி நுனி கழுகு நகம் மாதிரி கீழே வளையும். உம்முடைய செடியில் கீழே மஞ்சள், மேலே நுனிக் கருகல், கொக்கி வளைவு எல்லாம் ஒன்றாக இருக்கிறது. குறையும் கூடுதலும் ஒரே செடியில் என்றால் பழி வேரில்தான் விழவேண்டும்.

தண்ணியில் கரைந்த பசளை உப்பை அளக்கும் மீற்றர் வாங்கினால், அது காட்டும் பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை நம்பி இன்னொருவரோடு ஒப்பிட வேண்டாம். ஈசி (மின்கடத்துதிறன்) 1.0 என்பதை ஒரு மீற்றர் 500 பிபிஎம் என்று காட்டும், இன்னொன்று 700 என்று காட்டும். இந்தக் குழப்பத்தில் எத்தனை செடி எரிந்ததோ. ஈசியாகவே பேசிப் பழகும்.

'பூக்கும் காலத்துக்குப் பொசுபரசு மூன்று மடங்கு' என்று ஒரு போத்தலும் விற்பார்கள். இங்கே ஒன்ராறியோவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இந்தச் செடிக்கே ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள்: பூக்கும் காலத்தில் நல்ல விளைச்சல் வந்தது லீற்றருக்குச் சுமார் 194 மில்லிகிராம் நைதரசன், 59 மில்லிகிராம் பொசுபரசு கொடுத்தபோது. அதாவது பூக்கும்போதும் நைதரசன்தான் கூட வேண்டியிருந்தது. அந்தப் போத்தல் காசை மிச்சம் பிடியும்.

பேஸ்மென்ட்_விவசாயி
ஞாயிறு, இரவு 9:50

அண்ணை, அந்தப் போத்தலும் வாங்கி வைத்திருக்கிறேன். 😐

குழாய்த் தண்ணியை இரவு முழுக்க வாளியில் வைத்துத்தான் விடுகிறேன், குளோரின் போகட்டும் என்று. அது சரியா?

ஈசி_மீற்றர்
ஞாயிறு, இரவு 10:08

குளோரின் என்றால் போகும். ரொறன்ரோத் தண்ணியில் இருப்பது குளோரமின், அது ஓரிரவில் பறக்காது. ஆனால் குடிதண்ணியில் இருக்கும் அளவு மண்ணில் நிற்கிற செடியை ஒன்றும் செய்துவிடாது, கவலை வேண்டாம். வாளியில் வைப்பதை மட்டும் விடாதையும், வேறு காரணத்துக்கு: மாசி மாதம் குழாயில் வருகிற தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், வேருக்கு அது அதிர்ச்சி. அறைச் சூட்டுக்கு வரட்டும்.

பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) மண்ணுக்கு 6க்கும் 7க்கும் இடையில் நின்றால் போதும். குழாய்த் தண்ணி அதைவிடக் கொஞ்சம் கூடத்தான், என்றாலும் ஐந்து வாரத்தில் அதனால் இந்த நிலை வந்திருக்காது.

வாழைத்தோல்_வைத்தியர்
திங்கள், காலை 6:55

இரசாயனப் போத்தலை எறிந்துவிட்டு வாழைத்தோல் ஊறல், முட்டைக்கோது, அரிசி கழுவின தண்ணி கொடுங்கள். என் பாட்டி ரோசாவுக்கு அதைத்தான் கொடுத்தா.

கறிவேப்பிலை_அக்கா
திங்கள், காலை 8:20

பாட்டி கொடுத்தது முற்றத்து மண்ணுக்கு. மண்புழுவும் நுண்ணுயிரும் மிச்ச வேலையைச் செய்தன. மூடின கூடாரத்துக்குள் சாடியில் அரிசித் தண்ணி விட்டால் மாப்பொருள் புளித்து மணக்கும், கொசுவுக்குக் கலியாண விருந்து. முட்டைக்கோது கரைய வருடக்கணக்காகும். மீன் பசளை ஒரு முறை வெளியில் வைத்தேன், விடியப் பார்த்தால் ரக்கூன் சாடியைக் கவிழ்த்து மண்ணைத் தோண்டி வைத்திருக்கிறது.

பேஸ்மென்ட்_விவசாயி
புதன், இரவு 8:30

கணக்குத் தருகிறேன். இரண்டு சாடியும் கட்டை மேல். ஒரு சொட்டுத் தண்ணி விடவில்லை, சத்தியம். எல்லாம் இரவு 8 மணிக்கு நிறுத்தது.

ஞாயிறு: இடது 8.1 கிலோ, வலது 6.9
திங்கள்: இடது 7.8, வலது 6.6
செவ்வாய்: இடது 8.0, வலது 6.2
இன்று: இடது 8.2, வலது 5.9

வலது பக்கம் நிமிர்ந்துவிட்டது. இடது பக்கம் தண்ணி விடாமலே பாரம் கூடுகிறது. தராசு பழுதா? தட்டில் மறுபடியும் தண்ணி, வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது.

மிசிசாகா_மாமா
புதன், இரவு 8:41

தராசு பழுதென்றால் இரண்டும் கூடவேண்டும். வீட்டுக் கூரை ஒழுகுதா?

பிராம்ப்டன்_திருச்சி
புதன், இரவு 8:52

வெள்ளையாகக் கலங்கியிருக்கா? புதுப் பூட்டு வாங்கினீங்களா? வீட்டில் வேறு யார் கீழே வருவாங்க?

கறிவேப்பிலை_அக்கா
புதன், இரவு 8:53

தம்பி, அம்மா உடுப்புத் தோய்க்கிற மெசின் எங்கே இருக்கு?

பேஸ்மென்ட்_விவசாயி
புதன், இரவு 10:20

பேஸ்மென்டில்தான் அக்கா. கூடாரத்துக்குப் பக்கத்தில். பூட்டு இன்னும் வாங்கவில்லை, சாவி தேடிக்கொண்டிருந்தேன்.

போய்க் கேட்டேன். "ஓம், நான்தான் விட்டனான்" என்கிறா, ஒரு கூச்சமும் இல்லாமல். உடுப்புப் போட வரும்போதெல்லாம் சோற்று அரிசி கழுவின தண்ணியை ஒரு செம்பில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறா. ஐந்து வாரமாக! "நீ காலமை ஒரு கோப்பை காட்டிவிட்டு ஓடுறாய், பின்னேரம் பார்த்தால் அது தலை தொங்கிப்போய் நிற்குது. என்ன செடியாயிருந்தாலும் பச்சைத் தண்ணி கேட்டால் கொடுக்காமல் போகலாமோ?" வலது செடி சுவர் ஓரம், செம்பு எட்டவில்லை. அதனால்தான் அது தப்பியிருக்கிறது.

திங்கட்கிழமை தேவாரத்துக்குப் போனதால் அன்றைக்கு மட்டும் விடவில்லையாம். திங்கள் கணக்கில் 300 கிராம் குறைந்தது அதுதான்.

மிசிசாகா_மாமா
புதன், இரவு 10:26

😂😂 பூஞ்சைக் கொசுவுக்குச் சாப்பாடு போட்டது யாரென்று இப்போது விளங்குது.

மொன்றியல்_மழை
புதன், இரவு 10:40

என் தக்காளிக்கு யார் விடுகிறார்கள் என்று நாளைக்கு நானும் விசாரிக்கப் போகிறேன்.

பேஸ்மென்ட்_விவசாயி
அடுத்த செவ்வாய், இரவு 9:05

இடது சாடி இன்று 4.6. மஞ்சள் இலை ஆறு கொட்டியது, பச்சையாகத் திரும்பவில்லை. கருகின நுனியும் அப்படியேதான். ஆனால் உச்சியில் புதிதாக வந்த இரண்டு சோடி இலையும் நேராக, வெளிறாமல் நிற்கின்றன. வேரைப் பார்க்க ஆசை வந்து சாடியைச் சரித்து ஓட்டைப் பக்கம் பார்த்தேன்: பழுப்பு வேருக்கு நடுவில் நூல் மாதிரி வெள்ளை வேர் இரண்டு எட்டிப் பார்க்கிறது.

மாலை ஆறு மணிக்குப் பசளை கலக்காத தண்ணி விட்டேன். முதலில் ஒரு விஷயம் பயமுறுத்தியது: ஊற்றின உடனேயே எல்லாம் அடியால் ஓடிவந்தது.

பிராம்ப்டன்_திருச்சி
அடுத்த செவ்வாய், இரவு 9:22

பீற் காய்ந்தால் தண்ணீரைத் தள்ளும். மண் சுருங்கி, சாடிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கிப் போய்விடும், உள்ளே நனைந்திருக்காது. கால் லிட்டர் ஊற்றுங்க, பத்து நிமிஷம் பொறுங்க, மறுபடி கால் லிட்டர். நிறுத்துப் பாருங்க, ஏழு கிலோவுக்கு மேல் வந்தால் உள்ளே போயிருக்கு.

பேஸ்மென்ட்_விவசாயி
அடுத்த செவ்வாய், இரவு 10:15

7.4. வடிந்த தண்ணியின் ஈசி 3.8 காட்டுகிறது, அதைக் கொட்டிவிட்டேன்.

ஈசி_மீற்றர்
அடுத்த செவ்வாய், இரவு 10:31

3.8 என்றால் அந்த மண்ணில் இன்னும் நிறையப் பசளை கிடக்கிறது. அடுத்த இரண்டு முறையும் வெறும் தண்ணிதான். 2க்குக் கீழே வந்தபிறகு பேசுவோம்.

பேஸ்மென்ட்_விவசாயி
அடுத்த செவ்வாய், இரவு 10:44

சரி அண்ணை. கூடாரத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. அம்மாவுக்குக் கோபம், இரண்டு நாள் கதைக்கவில்லை. இன்றைக்குக் கறிவேப்பிலை_அக்காவின் கதையைச் சொன்னேன். மூன்று கண்டு செத்தது என்றதும் கொஞ்சம் இளகினா. ஒரு கறிவேப்பிலைக் கண்டு வாங்கித் தந்தால் செம்பு அந்தப் பக்கம் திரும்பும் போல இருக்கிறது. அக்கா, ஸ்காபரோவில் நல்ல கண்டு எங்கே எடுக்கலாம்?

கறிவேப்பிலை_அக்கா
அடுத்த செவ்வாய், இரவு 10:58

என் மரத்தடியில் பக்கக் கண்டு இரண்டு வந்திருக்கு, ஒன்றைத் தருகிறேன். தனிமடலில் வாரும். வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும், தராசையும் கொண்டுவாரும்.